இரண்டு வருடக் கிரீன் கார்டு முடியும் முன்: எந்த வழி யாருக்கு?

என் கிரீன் கார்டு தபாலில் வந்த அன்று அதை முதலில் உற்றுப் பார்த்தவர் மாமியார்தான். "பத்து வருஷம்னு சொன்னாங்களே, இதுல ரெண்டு வருஷந்தானே போட்டிருக்கு?" என்றார். நானும் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இல்லை. அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்துகொண்டு மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்த எனக்குக் கொடுத்திருந்தது நிபந்தனையுடன் கூடிய நிரந்தரக் குடியிருப்பு. நிபந்தனையை நீக்கும் கடைசிப் படி ஒன்று மீதம் இருந்தது. அதை முடிக்க ஒரே வழிதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிலைமைக்கு ஏற்பப் பல வழிகள் உண்டு. தவறான வழியில் போனால் பணமும் வருடங்களும் போகும். சில பெண்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பும் நேரும். அதனால்தான் இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் கார்டை எடுத்து அதில் உள்ள வகைக் குறியீட்டைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்தவர்களுக்கு சிஆர்1 என்று இருக்கும். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விண்ணப்பித்தவர்களுக்கு சிஆர்6. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் நீங்கள் நிபந்தனைக்கு உட்பட்டவர். ஐஆர்1, ஐஆர்6 என்றிருந்தால் உங்களுக்கு இந்தப் படியே கிடையாது, கார்டு பத்து வருடத்துக்கு.

இந்த வேறுபாடு 1986-இல் வந்த சட்டத்திலிருந்து தொடங்குகிறது. கிரீன் கார்டுக்காகவே செய்யப்படும் போலித் திருமணங்களைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் அது. நிரந்தரக் குடியிருப்பாளராக ஆகும் நாளில் உங்கள் திருமணத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்கவில்லை என்றால், இரண்டு வருட கார்டு மட்டுமே கிடைக்கும். அந்த இரண்டு வருடம் முடியும் தறுவாயில் ஐ-751 என்ற படிவத்தைக் கொடுத்து, திருமணம் உண்மையானதுதான் என்று காட்ட வேண்டும். கொடுக்காமல் விட்டால் குடியிருப்பு நிலை தானாகவே முடிந்துபோகும், நாடு கடத்தும் நடவடிக்கைக்கான நோட்டீஸ் வரும். மறந்துவிட்டேன் என்பது காரணம் ஆகாது. தாமதமாகக் கொடுத்தால் தகுந்த காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும்.

இந்தப் படியே வேண்டாம் என்றால்

இன்னும் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. கணக்கில் எடுக்கப்படுவது நேர்காணல் நாளோ, விசா முத்திரை விழுந்த நாளோ அல்ல, அமெரிக்க மண்ணில் நுழையும் நாள். கல்யாணமாகி இருபத்து மூன்று மாதத்தில் விசா கையில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ஒரு மாதம் பொறுத்து, இரண்டாவது திருமண நாளுக்கு மறுநாள் வந்து இறங்கினால் பத்து வருட கார்டுக்கே நீங்கள் தகுதியானவர். விசாவில் சிஆர்1 என்று அச்சாகியிருந்தாலும், விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஐஆர்1 என்று பதியுங்கள் என்று கேட்க வேண்டும். விசாவின் காலாவதித் தேதிக்குள் நுழைந்தால் போதும். பொதுவாக அது ஆறு மாதம் இருக்கும்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் பொறுத்திருந்தால் 750 டாலர் கட்டணமும் இரண்டு வருடக் கவலையும் இல்லாமல் போயிருக்கும். ஆனால் இதற்காக ஐந்து, ஆறு மாதம் கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சில வாரக் கணக்கு என்றால் பொறுங்கள். மாதக் கணக்கு என்றால் வந்துவிடுங்கள், சேர்ந்து வாழ்வதுதானே முக்கியம்.

சேர்ந்து விண்ணப்பித்துக் காத்திருப்பது

பெரும்பாலானவர்களின் வழி இது. கணவனும் மனைவியும் இருவரும் கையெழுத்திட்டு ஐ-751 கொடுப்பது. கார்டு முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் குடியேற்றத் துறையிடம் போய்ச் சேர வேண்டும். 2026 அக்டோபர் 10 அன்று கார்டு முடிகிறது என்றால் ஜூலை 12 முதல் கொடுக்கலாம். அதற்கு முன் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசி வாரம் வரை இழுத்தடிக்காதீர்கள். கையெழுத்து ஒன்று விட்டுப்போய்க் கட்டு திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப நாள் வேண்டும். அந்த 90 நாள் ஜன்னல் திறந்த முதல் இரண்டு வாரத்தில் அனுப்புவதே நல்லது.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டாலர். கைரேகைக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பெற்றோருடன் வந்த பிள்ளைகள், அதே நாளிலோ அதிலிருந்து 90 நாட்களுக்குள்ளோ நிபந்தனைக் குடியிருப்பு பெற்றிருந்தால் அதே படிவத்தில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு வந்த பிள்ளைக்குத் தனிப் படிவம்.

அனுப்பிய சில வாரங்களில் ரசீதுக் கடிதம் வரும். 2023 ஜனவரி முதல், இந்தக் கடிதம் உங்கள் குடியிருப்பு நிலையைக் கார்டின் காலாவதித் தேதியிலிருந்து 48 மாதம் நீட்டித்துக் கொடுக்கிறது. நான்கு வருட நீட்டிப்பு என்பதிலிருந்தே காத்திருப்பு எவ்வளவு நீளலாம் என்று ஊகித்துக்கொள்ளலாம். பழைய கார்டும் இந்தக் கடிதமும் சேர்ந்தால்தான் ஆவணம். வேலைக்கும் பயணத்துக்கும் இரண்டும் சேர்ந்து செல்லும்.

காகிதத்தில் செல்லும் என்பது வேறு, கவுண்டரில் புரியவைப்பது வேறு. சென்னையிலிருந்து திரும்பும்போது விமான நிறுவனப் பணியாளர் ஒருவர் கார்டின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு என்னை நாற்பது நிமிடம் ஓரமாக நிறுத்திவைத்தார். கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. கடிதத்தின் அசல் கையில் இருந்ததால் மேலாளர் வந்து படித்துவிட்டு அனுப்பினார். நகல் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அசலைப் பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள், கைப்பையில் வையுங்கள். அடிக்கடி பயணம் செய்பவர்கள், கடிதத்தால் தொல்லைப்படுபவர்கள் குடியேற்றத் துறையின் உதவி எண்ணில் கேட்டு, உள்ளூர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டிலேயே குடியிருப்பு முத்திரை வாங்கலாம். அந்த முத்திரை இருந்தால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆதாரம்: நம் வீடுகளின் உண்மையான சிக்கல்

ஐ-751 நிராகரிக்கப்படுமோ என்று பயப்படும் நம்மவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் 200 படம் அச்சடித்து அனுப்புகிறார்கள். தாலி கட்டிய படத்தை விசா கட்டத்திலேயே பார்த்துவிட்டார்கள். இப்போது கேட்பது கல்யாணத்துக்குப் பிறகான இரண்டு வருடத்தை: பணம் எப்படி ஓடியது, எந்தக் கூரையின் கீழ் இருந்தீர்கள், உங்கள் பொறுப்புகளை எப்படிப் பகிர்ந்துகொண்டீர்கள்.

இங்கேதான் நம் குடும்ப அமைப்பு காட்டிக்கொடுக்கும். நாங்கள் மாமனார் வீட்டில் இருந்தோம். வீட்டுக் கடன் அவர் பெயரில். மின்சாரம், எரிவாயு, இணையம் எல்லாம் அவர் பெயரில். சம்பளம் கணவரின் பழைய கணக்கில். என் கைப்பேசி குடும்பத் திட்டத்தில் நாலாவது எண். ஒன்றாகவே சாப்பிட்டு ஒன்றாகவே உறங்கி எழுந்த இரண்டு வருடத்துக்கு, என் பெயர் எழுதிய ஒரு காகிதம் இல்லை. இது சந்தேகத்துக்குரிய திருமணம் அல்ல, நம் ஊர்ப் பழக்கம். ஆனால் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு அது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

வந்த முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டியதை நாங்கள் கார்டு முடிய ஒன்பது மாதம் இருக்கும்போது தொடங்கினோம். கணவரின் வங்கிக் கணக்கில் என் பெயரையும் சேர்த்தோம். சேர்த்தால் மட்டும் போதாது. மளிகை, பால், மருந்து என்று இருவர் கையும் அதில் தெரிய வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் இருவருக்கும் ஒரே முகவரி. கார் காப்பீட்டில் இரண்டு பெயர். ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் வாரிசாக மனைவி பெயர். மருத்துவக் காப்பீட்டில் துணைவியாகச் சேர்த்த கடிதம். மாமனார், "என் மகனும் மருமகளும் இந்தத் தேதி முதல் என் வீட்டில் மாடி அறையில் வசிக்கிறார்கள், வாடகை வாங்குவதில்லை, மாதாமாதம் மளிகைச் செலவை அவர்கள் பார்க்கிறார்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, வீட்டுப் பத்திரத்தின் நகலையும் இணைத்தார். அந்த ஒரு பக்கக் கடிதம் இருநூறு புகைப்படத்தைவிடப் பெறுமானம் உள்ளது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றிலும் கனமான ஆதாரம் வருமான வரி. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்ததற்கான பதிவை வரித்துறையின் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். கல்யாணமான பிறகும் "தனிநபர்" என்று தாக்கல் செய்தவர்கள் உடனே திருத்தித் தாக்கல் செய்யுங்கள். அது தவறு என்பது ஒருபுறம், நீங்களே உங்கள் திருமணத்தை மறுத்துக் கையெழுத்திட்டதுபோல் ஆகிவிடும்.

குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ். இருவரையும் நன்கு அறிந்த இருவரிடமிருந்து உறுதிமொழிக் கடிதம். "நல்ல தம்பதி" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் தோழி, பனிப்புயலில் மின்சாரம் போன இரண்டு இரவு எங்கள் வீட்டில் தங்கியதை எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்ட விவரம் வேண்டும். புகைப்படம் பதினைந்து, இருபது போதும், ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், உடன் இருப்பவர் யார் என்று எழுதி. தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் சேர்க்க வேண்டும்.

ஆதாரம் திடமாக இருந்தால் நேர்காணல் இல்லாமலே பத்து வருட கார்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த வழியின் பெரிய நன்மை அதுதான். குறை, எப்போது வரும் என்று சொல்ல முடியாதது.

ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே குடியுரிமை

குடிமகனின் அல்லது குடிமகளின் துணைக்கு ஒரு சலுகை உண்டு. எல்லோரும் ஐந்து வருடம் காத்திருக்க, நமக்கு மூன்று வருடத்தில் குடியுரிமை விண்ணப்பம் என்-400 கொடுக்கலாம். நிபந்தனையோடு இருந்த இரண்டு வருடமும் அந்த மூன்றில் சேரும். மூன்று வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே கொடுக்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில், 2024 அக்டோபர் 10 அன்று குடியிருப்பு பெற்றவர் 2027 ஜூலை 12 முதல். அந்த மூன்று வருடமும் அதே துணையோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், துணை அந்தக் காலம் முழுவதும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், குறைந்தது 18 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும்.

அப்போது ஐ-751 இன்னும் நிலுவையில் இருந்தால், இரண்டு கோப்பையும் சேர்த்து ஒரே நேர்காணலில் முடிப்பது வழக்கம். பொதுவாக நிபந்தனையை நீக்காமல் குடியுரிமை கொடுக்க முடியாது என்பதால், என்-400 நேர்காணல் வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் ஐ-751-ஐயும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் என்-400 கொடுக்கப்போகிறோமே என்று ஐ-751-ஐக் கொடுக்காமல் விடுவது பெரும் தவறு. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று அல்ல. நேர்காணலுக்குக் கணவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும், திருமணம் பற்றிய கேள்வி வரும்.

பணக் கணக்கில் இந்த வழி கூடுதலாகத் தெரியும். என்-400 இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760. ஐ-751 கட்டணத்தோடு சேர்த்தால் 1,460. காத்திருக்கும் வழியில் 750-தான். ஆனால் கார்டைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க இணையத்தில் 415 டாலர், காகிதத்தில் 465. இருபது வருடம் இங்கே இருப்பவருக்கு வித்தியாசம் பெரிதில்லை. ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

குடியுரிமைக்கான தேர்வை நினைத்துத் தயங்குபவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு, குடிமைத் தேர்வின் கேள்வித் தொகுப்பு 128. அதில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். கேள்வி பதில் எல்லாம் முன்பே வெளியிட்டவைதான். சமையல் செய்துகொண்டே கேட்டுப் படித்துவிடலாம்.

இந்த வழியில் நம்மைத் தடுப்பது வேறு ஒன்று: தலைப்பிரசவம். முதல் குழந்தைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கிளம்பி, குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆன பிறகு திரும்பினால் ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். ஒரே பயணம் ஆறு மாதத்தை மீறினால், தொடர்ச்சியாக இங்கே வசித்தீர்களா என்ற கேள்வி எழும், வசித்தேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். ஒரு வருடம் தாண்டினால் தொடர்ச்சி அறுந்தே போகும். போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அம்மா கையால் கிடைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் ஈடு எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பும்படி பயணச்சீட்டு போடுங்கள், அவ்வளவுதான். அல்லது என் வீட்டில் செய்ததுபோல் அம்மாவை இங்கே வரவழையுங்கள்.

அப்புறம் இந்திய பாஸ்போர்ட். இதுதான் பலரின் நெஞ்சில் முள்ளாக இருப்பது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம். வாழ்நாள் விசா போன்றது அது. ஓட்டு இல்லை, அரசுப் பதவி இல்லை.

"நிலம் போய்விடும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் அப்பாவுக்கும் அந்தக் கவலை இருந்தது. மேலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நான் விசாரித்தவரை, ஓ.சி.ஐ வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் இதே விதிதான். அதாவது கிரீன் கார்டோடு நின்றுகொண்டாலும் நீங்கள் வயல் வாங்க முடியாது. குடியுரிமை மாறுவதால் மட்டும் வயல் கைநழுவிப் போவதில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ சரி" என்று மட்டும் சொன்னார், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார் என்று அம்மா சொன்னாள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த முள் கொஞ்சம் சிறியது. இலங்கை, விண்ணப்பித்தால் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கிறது.

இன்னொரு பக்கம் தராசில் வைக்க வேண்டியது பெற்றோர். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அப்பா அம்மாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இருபத்தொரு வயது நிரம்பிய குடிமகளால் முடியும், அதற்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பும் கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, அங்கே பெற்றோர் வயதாகித் தனியாக இருப்பவர்களுக்கு மூன்று வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் உள்ள அந்த இரண்டு வருட இடைவெளி சாதாரணம் இல்லை. நான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் இதுதான்.

உங்கள் துணை குடிமகன் இல்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால் மூன்று வருடச் சலுகை உங்களுக்குக் கிடையாது. ஐ-751 கொடுத்துக் காத்திருங்கள், ஐந்தாம் வருடம் யோசிக்கலாம்.

திருமணம் உடைந்திருந்தால்

இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனால் கட்டாயம் எழுத வேண்டும். ஏனென்றால் நம் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பொய் ஒன்று இருக்கிறது: "நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்." அது உண்மை இல்லை.

துணையின் கையெழுத்து இல்லாமல், தனியாகவே ஐ-751 கொடுக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தால் கொடுக்கலாம். துணை அடித்தாலோ கடும் கொடுமை செய்தாலோ கொடுக்கலாம், அதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாடு கடத்தினால் மிகப் பெரும் துன்பம் நேரும் என்று காட்டியும் கொடுக்கலாம். துணை இறந்துவிட்டாலும் தனியாகக் கொடுக்கலாம். விலக்கு விண்ணப்பத்துக்கு அந்த 90 நாள் ஜன்னல் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுமையின் பேரில் கொடுக்கும் விண்ணப்பத்தின் விவரத்தைக் கணவரிடம் சொல்லக்கூடாது என்று அதிகாரிகளையே சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

கொடுமை உடம்பில் பட்ட அடியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, வெளியே போக விடாதது, ஊருக்குப் பேசவிடாதது, பணமே கொடுக்காதது, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் கொடுமைக்கான ஆதாரத்தில் சேரும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தேதி போட்டு எழுதி, நம்பிக்கையான தோழியிடம் கொடுத்து வையுங்கள். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, நாள் முழுவதும் பேசலாம். நியூஜெர்சியில் தெற்காசியப் பெண்களுக்காகவே 1985 முதல் இயங்கிவரும் மானவி என்ற அமைப்பும் இருக்கிறது.

விவாகரத்தின் பேரில் விலக்கு கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: இறுதித் தீர்ப்பு கையில் வேண்டும், வழக்கு நடக்கிறது என்பது போதாது. வழக்கை எங்கே போடுவது என்பது அதனால் முக்கியமாகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு கொடுத்த பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. சம்மதம் இல்லாவிட்டால் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் வருடங்கள் ஓடும். நியூஜெர்சியில் தம்பதியரில் ஒருவர் பன்னிரண்டு மாதம் வசித்திருந்து, ஆறு மாதமாக ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேயே மனு செய்யலாம். எது பொருத்தம் என்பதை இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஜீவனாம்சம், பிள்ளை, நகை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

சேர்ந்து விண்ணப்பித்த பிறகு உறவு முறிந்தால் பயந்துபோய் ஒளியாதீர்கள். தீர்ப்பு வந்ததும் அதே விண்ணப்பத்தை விலக்கு விண்ணப்பமாக மாற்றும்படி கேட்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பிரிந்து வாழ்ந்துகொண்டே சேர்ந்து வாழ்வதாகக் கையெழுத்திடுவது. உண்மையான திருமணம் தோற்றுப்போனதைச் சட்டம் மன்னிக்கிறது, பொய்யை மன்னிப்பதில்லை. திருமணத்தை வைத்து மோசடி செய்தவர் என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் பிறகு எந்தக் குடும்ப விண்ணப்பமும் ஏறாது. உறவினர்கள் "இந்த ஒரு தடவை சேர்ந்து போட்டுடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கெஞ்சுவார்கள். வேண்டாம்.

வழக்கறிஞர் வேண்டுமா?

சேர்ந்து வாழும் தம்பதி, வரி ஒழுங்காக இருக்கிறது, கைதோ வழக்கோ இல்லை என்றால் நீங்களே செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், மூன்று சனிக்கிழமை ஆனது. விலக்கு கேட்பவர்கள், எப்போதாவது கைதானவர்கள், நீண்ட காலம் ஊரில் இருந்தவர்கள், ஜன்னலைத் தவறவிட்டவர்கள் வழக்கறிஞரிடம் போவது பணத்துக்குத் தகுந்தது. வேலைக்காக ஒருவர் டல்லாஸிலும் ஒருவர் எடிசனிலும் இருக்கும் தம்பதிகளும் ஒருமுறையாவது ஆலோசனை கேளுங்கள். தனித்தனி ஊரில் இருப்பது குற்றம் இல்லை, ஆனால் விமானச் சீட்டு, தினசரி அழைப்பு, யார் எந்தச் செலவைக் கட்டுகிறார் என்று விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். பயண முகவர்கள், "நான் நூறு பேருக்கு ஃபார்ம் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும் நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டுமே உரிமை உண்டு.

எந்த வழியானாலும், வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புதிய முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவியுங்கள். இணையத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால் போதும் என்று எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதி விட்டுவிட்டார்கள். கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த கடிதம் பழைய அபார்ட்மெண்ட் பெட்டியிலேயே கிடந்தது. பதில் கொடுக்க வேண்டிய நாள் முடிய நான்கு நாள் இருக்கும்போது, அங்கே புதிதாகக் குடிவந்தவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.